பின் நம்பர் நோட்டு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் என் கடையில் நிற்க இடம் இருக்காது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ் என்று எல்லாம் கலந்த சின்னக் கடை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று அம்மாக்கள் வருவார்கள். வேலை முடிந்து பணம் கொடுத்த பிறகும் சிலர் கிளம்ப மாட்டார்கள். கூட்டம் குறைந்ததும் மெதுவாக ஒரு போன் வெளியே வரும்.

"தம்பி, இதுல கெட்டது எதுவும் வராத மாதிரிப் பண்ணிக் குடு."

சில வருடங்களுக்கு முன் இப்படிக் கேட்டவர் பாசிக்குப் போகும் ஓர் அக்கா. மன்னார் வளைகுடாவில் தீவுகளின் ஓரமாக மூழ்கி, பாறையிலிருந்து கடல்பாசி பறிக்கிற வேலை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் பறிப்பார்கள். அப்படியும் அவருக்கு ரேகை தேய்ந்துவிட்டது; என் கடை மெஷினில் ஏழெட்டுத் தடவை வைத்தால்தான் எடுக்கும். மகனுக்குப் பதின்மூன்று வயது. கெட்டது என்றால் எது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

போன் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஓர் இடம் உண்டு. டிஎன்எஸ் என்பது இணையத்தின் விலாசப் புத்தகம். நாம் தளத்தின் பெயரைத் தட்டினால் அது இருக்கும் எண்ணைத் தேடிக் கொடுக்கும். ஆபாசத் தளங்களின் விலாசத்தை மட்டும் தர மறுக்கிற புத்தகமாகப் பார்த்து மாற்றிவிடலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் அப்படி ஒன்றை இலவசமாகத் திறந்தது. (திறந்த கையோடு, தன்பாலீர்ப்பினர், மாற்றுப் பாலினத்தவர் போன்றோருக்கான தளங்களையும் சேர்த்து அடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது வேறு கதை.) அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். "ராத்திரி இந்த இடத்துல இந்த எழுத்து இருக்கான்னு பாருங்கக்கா. இருந்தா பூட்டு இருக்குன்னு அர்த்தம்." அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்தின் வடிவத்தை ஒரு கோலத்தை மனப்பாடம் செய்கிற மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து பையனே வந்து சிரித்தான். முதல் நாளே எடுத்துவிட்டானாம். அம்மா கரைக்கு வருகிற நேரம் பார்த்து, அந்த எழுத்தைத் திரும்பப் போட்டு வைத்துவிடுவானாம். அக்கா தினமும் பார்த்து, இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஆஸ்திரேலியா ஞாபகம்தான் வந்தது. 2007இல் அந்த அரசாங்கம் 8.4 கோடி டாலர் திட்டமாகப் பிள்ளைகளுக்கான வடிகட்டி மென்பொருளை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. மெல்பர்னில் ஒரு பதினாறு வயதுப் பையன் அரை மணி நேரத்தில் அதைச் செயலிழக்க வைத்துக் காட்டினான். அவனும் அந்த மென்பொருளின் சின்னத்தைத் திரையில் அப்படியே விட்டு வைத்தான், பெற்றோர் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. மெல்பர்னுக்கும் மண்டபத்துக்கும் இந்த விஷயத்தில் தூரமே இல்லை.

நானும் ஒரு காலத்தில் வடிகட்டி ஓட்டியவன்தான். 2003இலிருந்து பதினோரு வருடம் இதே இடத்தில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். பள்ளிப் பையன்கள் ஒரே கேபினுக்குள் மூன்று பேராகப் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று தெரியும். எங்கள் ஊர் பெரியவர்கள் சிலர் வந்து சொன்னார்கள். நானும் ஒரு சீடி வாங்கி வடிகட்டி மென்பொருள் போட்டேன். ஆங்கிலக் கெட்ட வார்த்தைகளின் பட்டியல் அதற்குள் இருக்கும். பக்கத்தில் அந்த எழுத்துகள் எங்கே வந்தாலும் திரை வெள்ளையாகிவிடும்.

மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. அங்கே புராஜெக்ட் செய்ய வந்த ஒரு மாணவி ஒருநாள் என் கடையில் மட்டிச் சிப்பியைப் பற்றித் தேடினார். அதற்கு ஆங்கிலத்தில் காக்கிள் என்று பெயர். அந்தப் பெயரின் முதல் நாலு எழுத்து பட்டியலில் இருந்தது. திரை வெள்ளை. அவர் மறுபடி தட்டினார், மறுபடி வெள்ளை. "அண்ணா, நெட் போயிருச்சா?" என்றார். மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடியவருக்கும் அதேதான். லண்டன் பக்கம் மிடில்செக்ஸில் படிக்க விண்ணப்பம் போட வந்த கீழக்கரைப் பையனுக்கும் அதேதான்.

அதே நேரத்தில் நாலாம் நம்பர் கேபினில் ஆங்கில எழுத்தில் தமிழ்க் கெட்ட வார்த்தையைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூட நிற்கவில்லை. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாதே. சிப்பி மாட்டிக்கொண்டது, சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

2011இல் சைபர் கஃபே விதிகள் வந்தன. தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, பிள்ளைகள் தனியாகக் கேபினுக்குள் உட்காரக் கூடாது, யார் எந்த நேரம் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவு ஒரு வருடம் இருக்க வேண்டும். ஆசாரியை வரவழைத்துப் பலகைகளை அறுத்தேன். உண்மையைச் சொன்னால், பதினோரு வருடத்தில் வேலை செய்த ஒரே வடிகட்டி அந்த ரம்பம்தான். பின்னால் நடந்து போகிறவனுக்குத் திரை தெரியும் என்றதும் பையன்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லார் கைக்கும் போன் வந்தது, நான் கடையை மாற்றினேன். போனுக்குப் பின்னால் நடந்து போகிறவர் யாரும் இல்லை.

இப்போது இதையே நாடு முழுக்க, இணைய சேவை நிறுவனங்களின் வாசலிலேயே செய்ய வேண்டும் என்று ஒரு குரல் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் பூட்டுப் போடுவதற்குப் பதில் தெருமுனையிலேயே ஒரு கேட். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. கேட்டில் யார் நிற்பார், அவர் கையில் எந்தப் பட்டியல் இருக்கும், அதை நாம் பார்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

ஆஸ்திரேலியா இதையும் முயன்று பார்த்தது. ஸ்டீபன் கான்ராய் அமைச்சராக இருந்தபோது எல்லா இணைய இணைப்பிலும் கட்டாய வடிகட்டி என்று அறிவித்தார்கள். பட்டியல் ரகசியம். 2009 மார்ச்சில் அது, ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் கசிந்தது. பார்த்தால், அதில் குவீன்ஸ்லாந்தில் ஒரு பல் வைத்தியரின் தளமும், நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றின் தளமும் இருந்தன. பல் வைத்தியர் தன் பெயர் அங்கே இருப்பதைப் பட்டியல் கசிந்ததால்தான் தெரிந்துகொண்டார். 2012 நவம்பரில் கட்டாய வடிகட்டித் திட்டத்தையே கைவிட்டார்கள். அதற்கடுத்த வருடமே இன்னொரு கூத்து வெளியே வந்தது: மோசடித் தளம் ஒன்றை மூடச் சொல்லி அவர்களின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு ஓர் இணைய எண்ணை அடைக்க, அதே எண்ணில் குடியிருந்த ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தளங்கள் சேர்ந்து விழுந்தன. மோசடிக்காரன் ஒருவன் குடியிருக்கிறான் என்று அடுக்குமாடி முழுவதற்கும் பூட்டுப் போட்ட கதை.

நம் பக்கமும் குறைச்சல் இல்லை. 2012இல் ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார்கள். சேவை நிறுவனங்கள் விமியோ என்ற வீடியோ தளத்தையே மொத்தமாக அடைத்துவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் அடைக்கச் சொன்னோம் என்று நீதிமன்றம் பிறகு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. 2017இல் அதே மாதிரி இன்னோர் உத்தரவில், பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் சிக்கியது. எங்கள் கடற்கரையில் இழுவை மடியில் இறாலோடு வந்து விழும் குப்பை மீனுக்குச் சங்காயம் என்று பெயர். தீவன மில்லுக்குப் போகும் சங்காயத்தில் குஞ்சு மீனும் கிடக்கும், கடல் குதிரையும் கிடக்கும். வலைக்கண் சின்னதாக இருந்தால் அப்படித்தான். ஆனால் வலைக்கண் இவ்வளவு இருக்க வேண்டும் என்று மீன்வளத் துறை விதி போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துச் சண்டை போடலாம். இணைய வலையின் கண்ணை அளக்க வழியில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் ஒரு தளத்தை அடைத்தால், 2009 விதிகளில் பதினாறாவது விதி அந்தக் கோரிக்கையையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது.

2015 ஆகஸ்ட்டில் 857 தளங்களை அடைத்தார்கள் அல்லவா, அந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரீசார்ஜ் பண்ண வந்த பையன்களின் முகத்தில் ஒரு துக்கம். பட்டியலில் ஒரு நகைச்சுவைத் தளமும் இருந்தது. எதிர்ப்பு வந்ததும், குழந்தைகளை வைத்து எடுத்தது இல்லாத தளங்களைத் திறந்துகொள்ளலாம் என்று சேவை நிறுவனங்களிடமே தள்ளிவிட்டார்கள். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று நாங்கள் எப்படிப் பார்த்துச் சொல்வது என்று அவர்கள் கையை விரித்தார்கள்.

குழந்தைகளை வைத்து எடுத்தது என்பதை மட்டும் நான் தனியாகத்தான் வைப்பேன். அதில் எனக்கு ரெண்டு மனது இல்லை. அதை ஆபாசப் படம் என்று சொல்வதே தப்பு, குழந்தையின் மேல் நடந்த குற்றத்தின் பதிவு அது என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றமில்லை என்பதுபோல வந்திருந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் ரத்து செய்தது. பிரிட்டனில் இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இப்படிப்பட்ட பக்கங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. 2017இல் நம் அரசும் அதைப் பயன்படுத்தச் சொல்லிச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அந்தக் கேட் வேண்டும். அந்த அமைப்பே 2008 டிசம்பரில் ஒரு பழைய இசைத் தட்டின் உறைப் படத்துக்காக விக்கிப்பீடியா பக்கம் ஒன்றை அடைத்துவிட்டு, நாலைந்து நாளில் பின்வாங்கியது. பின்வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். என்ன அடைபட்டது என்று வெளியே தெரிந்ததால்தான் அது நடந்தது.

ஆனால் பாசிக்குப் போகும் அக்கா கேட்டது இது இல்லையே. அவர் கேட்டது ஏதோ ஒரு கெட்டது.

ரகசியப் பட்டியலை விடுங்கள், பூட்டே இந்தக் கரையில் எப்படி நிற்கும்? கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்கு ஒரு சபுராளி, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போனவர், துபாயிலோ அபுதாபியிலோ இருப்பார். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, அழைப்பை அந்த நாடு அடைத்து வைத்திருக்கிறது. வாப்பாவின் முகத்தை வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டும் என்றால் அவர் போனில் ஏதாவது வழி பண்ணியாக வேண்டும். அதனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணைகிற மாதிரிக் காட்டும் செயலி) என்றால் என்ன, எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தால் சீக்கிரம் இணையும் என்பது தெரியும். பாசத்துக்காகக் கற்ற வித்தை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது இதே பிள்ளைகள்தான் தெருவில் எல்லாருக்கும் வகுப்பெடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்தை நிறுத்தச் சொன்னது. மூன்று வாரத்தில் தடை நீங்கியது. அந்த மூன்று வாரமும் செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பு கைக்குக் கை ஷேர்இட்டில் போய்க்கொண்டிருந்தது, என் கடைக்குள்ளேயே.

இன்னொன்று. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் நின்றால் சில நேரம் போனில் இலங்கை டவர் ஏறிவிடும். எல்லைக் கோட்டைப் பார்த்து அலை நிற்பதில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டு ஆன்டெனாவும் கொழும்பைப் பார்த்துத்தான் திரும்பி நிற்கும், ரூபவாஹினிக்காக. ராத்திரி ஆங்கிலப் படத்தில் ஒரு மாதிரியான காட்சி வருவதற்கு அறிகுறி தெரிந்தால் அப்பா எழுந்து, "காத்துல திரும்பிருச்சு போல" என்று சொல்லிக்கொண்டே மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருகுவார். நாங்கள் புள்ளி புள்ளியாக ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காட்சி முடிந்திருக்கும் என்று எப்படிக் கணக்குப் பண்ணினார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது பேச்சு தளங்களிலிருந்து வயதுக்கு நகர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். அந்த வாரமே அங்கே விபிஎன் செயலிகள் பதிவிறக்கப் பட்டியலில் மேலே ஏறின. (வாப்பாவோடு பேச விபிஎன் கற்றுக்கொண்ட எங்கள் பிள்ளைகளைக் கேட்டிருக்கலாம்.) ஆஸ்திரேலியா அந்த டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று ஆக்கிவிட்டது. மீறினால் தண்டம் நிறுவனத்துக்கு, 4.95 கோடி டாலர் வரை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. அந்த ஒரு அம்சம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதே மாதம் மதுரைக் கிளையும், அதுமாதிரிச் சட்டத்தை இங்கேயும் யோசிக்கலாம் என்று ஒன்றிய அரசுக்குச் சொன்னது. நமது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ பதினெட்டு வயதுவரை பெற்றோரின் ஒப்புதல், அதுவும் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது.

இதை எழுதியவர்கள் ஒருநாள் என் கடையில் வந்து உட்கார வேண்டும். சிம் கார்டு அம்மா பெயரில். ஜிமெயில் கணக்கு மகன் உண்டாக்கியது, பிறந்த வருடம் 1990 என்று போட்டிருப்பான். அம்மாவின் ஃபேஸ்புக்கும் அவன் திறந்து கொடுத்ததுதான். காலையில் அந்தப் போனில் மகள் ஆன்லைன் டெஸ்ட் எழுதுவாள், மதியம் மகன் ரீல்ஸ், சாயங்காலம் பாட்டி சீரியல், ராத்திரி அப்பா நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்று காற்றைப் பார்ப்பார். கம்பெனிக்காரனின் கணக்கில் இந்தக் குடும்பம் மொத்தமும் ரீல்ஸ் பார்க்கிற, கடல் வானிலையில் ஆர்வம் உள்ள, முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. ஒப்புதலுக்கு ஓடிபி வந்தால் அதைப் பார்த்துத் தட்டப் போவதும் அந்தப் பையன்தான். அப்புறம் ஆதாரைக் காட்டு, முகத்தைக் காட்டு என்று வந்து நிற்கும். யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்று ஒரு பதிவேட்டை வருடக்கணக்கில் கடை மேசையில் வைத்திருந்தவன் நான். அந்த நோட்டை யாரெல்லாம் புரட்டிப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போலீஸ்காரர் மட்டும் இல்லை.

சரி, உண்மையான கெட்டதுக்கு வருகிறேன். ஒருநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு பிளஸ் ஒன் பெண் வந்தாள். வாட்ஸ்அப் டிபியில் வைத்திருந்த அவள் படத்தை எடுத்து, வேறு ஓர் உடம்போடு ஒட்டி, அவளுக்கே அனுப்பியிருந்தான் ஒருவன். நான் சொல்வதைக் கேட்காவிட்டால் ஊர் குரூப்பில் போடுவேன் என்று. ஆள் முன்பின் தெரியாதவன் இல்லை, உறவுக்காரன். எந்தத் தளமும் இதில் இல்லை. எந்த நாட்டுப் பட்டியலிலும் இது வராது. பூட்டிய உறைக்குள் கடிதம் போவதுபோல ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு வந்தது, நடுவில் நிற்கும் எந்தக் கேட்டுக்கும் உள்ளே என்ன என்று தெரியாது.

அவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அண்ணே, வீட்டுக்குத் தெரியாம இதை அழிக்க முடியுமா?" அவனைவிட வீட்டுக்குத்தான் பயம். தெரிந்தால் போனைப் பிடுங்குவார்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள். பத்து நாளாக அவன் சொன்னதற்கெல்லாம் பதில் அனுப்பியிருக்கிறாள், போன் கையில் இருக்க வேண்டுமே என்பதற்காக.

போக்சோ சட்டப்படி இப்படி ஒன்று தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் மறைத்தவனுக்கும் தண்டனை. அதை அவளிடம் சொன்னபோது எழுந்து போகப் பார்த்தாள். அவள் நம்பும் ஒரு டீச்சரை வரவழைத்தோம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு டீச்சர் பேசினார். அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைக்கச் சொன்னார்கள். நான் முதலில் செய்ய இருந்ததே அழிப்பதைத்தான். அந்தப் படம் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கம் போய்விடாமல் இருக்க டேக் இட் டவுன் என்று ஒரு சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். போனுக்குள்ளேயே அதற்குக் கைரேகை மாதிரி ஓர் எண்ணை உண்டாக்கி, அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதே படம் அங்கே ஏற வந்தால் அடையாளம் தெரிந்துவிடும். இது மாதிரிப் பூட்டு எனக்குப் பிடிக்கும். சாவி அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்பினால் அதனாலும் ஒன்றும் பண்ண முடியாது, அதையும் சொன்னேன்.

கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணியிலிருந்து 10 வரை பெண்கள் போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். மறுத்த மாணவியை விடுதியிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். இணையத்தை அணுகுவது கல்விக்கான உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என் கடைக்கு வந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் காலேஜ் போனப்புறம்தானே அண்ணே" என்றாள்.

இவ்வளவும் யோசித்து வைத்துக்கொண்டு, பாசிக்கார அக்கா அடுத்த ஜூனில் வந்தபோது ஒரு பிரசங்கமே செய்தேன். பூட்டால் பயனில்லை, பையனோடு உட்கார்ந்து பேசுங்கள், என்ன பார்க்கிறான் என்று கூட இருந்து பாருங்கள், பயமில்லாமல் உங்களிடம் சொல்ல வையுங்கள். எல்லாக் கட்டுரையிலும் கடைசியில் வருமே, அது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எப்ப உக்காரச் சொல்ற தம்பி? விடியறதுக்கு முன்னாடி வத்தையில ஏறுனா கரைக்கு வரயில மதியம் தாண்டிரும். அப்புறம் பாசியைக் காயப்போடணும், சோறாக்கணும். அவுக அப்பா கேரளாவுல போட்டுல நிக்காரு. கூட உக்கார ஆள் இருந்தா நான் ஏன் ஒன்ட்ட வர்றேன்?"

எனக்குப் பதில் இல்லை. வடிகட்டியை எதிர்த்து எழுதுகிற நாங்கள் எல்லாரும் ஒரு பெற்றோரைக் கற்பனை பண்ணி வைத்திருக்கிறோம். சாயங்காலம் வீட்டில் இருப்பவர், இங்கிலீஷ் படிப்பவர், செட்டிங்ஸ் தெரிந்தவர். தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற தாய் அந்தக் கற்பனையில் இல்லை. அவர் அரசாங்கத்திடம் கேட் கேட்டால் அதில் என்ன தப்பு என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட் போடுகிறவர்கள் பட்டியலை அவருக்கும் காட்ட வேண்டும், தப்பாக அடைத்தால் போய்க் கேட்க ஓர் ஜன்னல் வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

அன்று அவர் கேட்டபடி நல்ல பூட்டாகவே போட்டேன். பிள்ளைகள் போனைக் கட்டுப்படுத்தும் செயலி, நேரக் கட்டுப்பாடு, நாலு இலக்கப் பின் நம்பர். எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். திருப்பித் தந்துவிட்டார். "வீட்டுல வச்சா அவன் எடுத்துருவான். நீயே எழுதி வச்சுக்க."

அப்படித்தான் அந்த நோட்டு ஆரம்பித்தது. ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். நாற்பது பக்க நோட்டு, கல்லாப் பெட்டிக்குக் கீழே. வீட்டுப் பெயர், பிள்ளை பெயர், பின் நம்பர். இன்றைக்கு அதில் அறுபத்தொரு வரி இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எத்தனை மணிக்கு நெட் நிற்க வேண்டும், எந்தச் செயலி கூடாது என்பதை முக்கால்வாசி நான்தான் முடிவு பண்ணுகிறேன், ஏனென்றால் பெற்றோர் "நீயே பாத்துப் போடு" என்கிறார்கள். யூடியூப் வேண்டும், இன்ஸ்டாகிராம் வேண்டாம் என்று ஒரு கணத்தில் தட்டிவிடுகிறேன். என்ன அளவுகோல் என்று கேட்டால், அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நாளில் ஓர் அப்பா வந்தார். மகள் போனின் பின் நம்பர் வேண்டும் என்றார். அப்பாதானே. நோட்டைத் திறந்து பார்த்துச் சொன்னேன், முழுதாக அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் போனில் கூடப் படிக்கும் பையன் ஒருவனோடு பேசிய செய்திகள் இருந்தன. கணக்கு நோட்டு, பரீட்சை, கொஞ்சம் சிரிப்பு. அந்தப் பெண் பிளஸ் டூவைப் பள்ளிக்கூடம் போகாமல் தனித்தேர்வராக எழுதினாள். விண்ணப்பமும் என் கடையில்தான் போட்டார்கள்.

அதற்குப் பிறகு இன்னொரு வீட்டு அண்ணன்காரன் தங்கை நம்பரைக் கேட்டு வந்தபோது, நோட்டு தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யையும் நான்தான் முடிவு பண்ணினேன்.

போன மாதம் அந்தத் தனித்தேர்வர் பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். கல்லூரி விண்ணப்பத்துக்கு மதிப்பெண் பட்டியல் ஜெராக்ஸ், நாலு காப்பி. எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே இருந்தாள்.

"அண்ணே, அந்த நோட்டு இருக்கா?"

தொலைந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது.

"எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. என் நம்பரை அடிச்சிருங்க."

அம்மாவிடம் கேட்டாயா என்று கேட்கப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். கல்லாப் பெட்டிக்குக் கீழிருந்து நோட்டை எடுத்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்து, பேனாவைக் கொடுத்தேன். அவள் விரலை வைத்து மேலிருந்து வரிவரியாக இறங்கினாள். தன் பெயர் வந்ததும் அடித்தாள். அடியில் எழுத்து தெரியாத அளவுக்கு அழுத்தி, ரெண்டு தடவை. பிறகு நோட்டை மூடாமல் மிச்சப் பெயர்களையும் படித்தாள். பாதிப்பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள்.

"இவ்வளவு பேரா அண்ணே?" என்றாள்.

ஜெராக்ஸுக்கு எட்டு ரூபாய். பத்து ரூபாய் கொடுத்தாள், மீதி ரெண்டு ரூபாயை எடுத்துக்கொண்டு போனாள்.